மலிவுக் கடைக்கு எதிரே மரக்கறி விற்றவன்

மரக்கறி வியாபாரி காலையில் ராஜா, பின்னேர அஸர் தொழுகைக்குள் பிச்சைக்காரன். ஈரச் சாக்கால் மூடி, தண்ணீர் தெளித்து, கீரை வாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களே, நான் சொல்வது உங்களுக்கு விளங்கும். திறந்த பொருளாதாரம் வந்த கையோடு, கல்முனையில் என் மரக்கறிக் கடைக்கு நேரெதிரே ஒரு மலிவுக் கடை திறந்தார்கள். அரிசி, சீனி, பருப்பு, மலைநாட்டு லொறியில் வந்து இறங்கும் மரக்கறி, எல்லாம் ஒரே இடத்தில். என் வீட்டு அடுப்போ என் கடையை நம்பி மட்டும் எரிந்தது.

சும்மா வைக்கும் இலை

எங்கள் பக்கத்தில் மரக்கறி வாங்கினால் ஒரு பிடி கறிவேப்பிலையும் வாசத்துக்கு ரம்பை இலையும் சும்மா வைக்க வேண்டும். வைக்காதவன் கஞ்சன். சாய்ந்தமருதிலிருந்து வரும் என் பழைய வாடிக்கைக்காரி உம்மு ராத்தா ஒருநாள் நிறைந்த பையோடு இலை மட்டும் கேட்டு வந்து நின்றார். எதிர்க்கடையில் வாங்கிய போஞ்சிக்காய் பைக்கு வெளியே எட்டிப் பார்த்தது. நான் கண்டதும் முந்தானையால் மூடினார். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை, இலையைப் பையில் வைத்தேன்.

"கோவிக்காதீங்க காக்கா, அங்க மலிவுதான், ஆனா இலை தாறல்ல."

சவளக்கடைக் கத்தரி

சவளக்கடை ஊர்த் தோட்டக்காரர் நல்லதம்பி அண்ணன் எனக்கென்றே கத்தரிக்காய் பயிரிட்டவர். விடிந்தால் சைக்கிளில் மூட்டையோடு நிற்பார். முந்தின நாள் காயே விலைப்படாமல் சுருங்கிக் கிடந்தது. இனிப் பாதி போதும் என்று சொல்ல நாக்குக் கூசியது. சொன்னேன். அவர் மூட்டையை இறக்காமல் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

"பாதி காய்ச்சாப் போதுமெண்டு கத்தரிக்கு ஆரு போய்ச் சொல்லுற, காக்கா?"

பள்ளிவாசல் முற்றத்தில்

மரக்கறி விற்ற நாங்களும் விலையை இறக்கிப் பார்த்தோம். நாங்கள் ஒரு படி இறங்கினால் அங்கே இரண்டு படி இறங்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அந்தக் கடை முதலாளியையே பிடித்தேன். வயதில் இளையவர். ஸலாம் சொல்லி என் கையைப் பற்றிக்கொண்டார். திட்டித் தீர்க்கவாவது ஒரு கெட்டவன் கிடைக்கக் கூடாதா? இந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது தம்பி என்று கேட்டேன்.

"மரக்கறியில எனக்கு லாபமே வேணாம் காக்கா, அதச் சாட்டிச் சனம் உள்ள வந்தாச் சீனி விப்பன்."

அடுப்படி

அவர் தூண்டிலில் குத்திய புழுதான் என் பிள்ளைகளின் சோறு. அந்த ஆத்திரத்தோடு வீட்டுக்குப் போனால், அடுப்படியில் பானைக்குப் பின்னால் அதே கடையின் பை. பருப்பு, கோதுமை மா, சீனி. ஊரில் வேறு கடையே இல்லையா என்று கத்தினேன். பிள்ளைகள் பயந்து ஒதுங்கினார்கள். மனைவி பாத்தும்மா குரலை உயர்த்தவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்:

"நீங்க கொண்டு வாற காசிக்கு இப்ப அங்க மட்டுந்தான் வாங்க ஏலும்."

என் வயிற்றில் அடித்தது அந்தக் கடை. அடிபட்ட வயிற்றுக்குச் சோறு போட்டதும் அதே கடைதான்.