பூக்குழியில் சுடாத கால்

கீரனூருக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது. சாலையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் என் காலைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒத்தச் செருப்போட எங்கிட்டுண்ணே போறீங்க? வீட்டுல வெரட்டிட்டாகளா?"

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றதென்று தெரியவில்லை. தார் இளகும் வெயில். ஆனாலும் செருப்பு இருந்த காலுக்கும் இல்லாத காலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது, வந்த வழியில் இடது பாதம் மட்டும் ஈரமாகப் பதிந்திருந்தது. அந்தச் சாலையில் எங்கும் தண்ணீர் கிடையாது. அவளும் அதைப் பார்த்தாள். பிறகு சிரிக்கவில்லை. ஆடுகளை மறுபக்கம் ஓட்டிக்கொண்டு போனாள்.

முந்தின நாள் மாலை பூக்குழி இறங்கியிருந்தேன். பக்தி பெரிதாக ஒன்றும் இல்லை. வைக்கோல் கட்டும் வேலைக்குப் போன ஊரில் திருவிழா. காப்புக் கட்டியவர்களுக்குக் கோயிலில் சாப்பாடு, படுக்க இடம். அதனால் நானும் கட்டிக்கொண்டேன். எனக்கு முன்னால் இறங்கியவர்கள் எல்லாரும் கங்கின் மேல் ஓடினார்கள். நான் நடந்தேன். வாய்க்காலில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நடப்பது போலத்தான் இருந்தது. நடுவில் ஒருமுறை நின்று, கீழே இருப்பது நெருப்புதானா என்று பார்த்தேன். நெருப்புதான்.

கூட்டம் குலவையிட்டது. "ஆத்தா இவுக மேல எறங்கிட்டா" என்று பூசாரி சொன்னார். ஒரு பெண் தன் குழந்தையின் தலையை என் பாதத்தில் வைத்து எடுத்தாள். விடிந்தபோது உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். வலி மட்டும் இல்லை. கோயில் வாசலில் விபூதி வாங்க நாலைந்து பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். பின்பக்கமாக நடையைக் கட்டிவிட்டேன்.

கட்டுமாவடி மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி தூக்கிய காலத்தில் ஒரு மருத்துவ முகாமில் சுகர், பிரஷர் இரண்டும் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மாத்திரை ஒரு மாதம் தின்றேன். ஊர் மாறியதும் விட்டுப்போனது. எங்கும் வலி இல்லாததால் குணமாகிவிட்டது என்றே இருந்தேன். கால் மரத்துப்போனதும் பழுதாகத் தெரியவில்லை. எவ்வளவு நடந்தாலும் களைக்கவில்லையே.

அந்த ஈரம் என்னவென்று கேட்கத்தான் கீரனூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா ஒரு நைலான் இழையை எடுத்தார்.

"கண்ண மூடிக்கங்க. தொடுறது தெரிஞ்சா 'ம்'னு சொல்லுங்க."

மூடிக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"ஆரம்பிக்கலையாங்க?"

"முடிஞ்சிருச்சுங்க."

கண்ணைத் திறந்தேன். அவர் இரண்டு பாதங்களிலும் பல இடங்களில் குத்திப் பார்த்து முடித்திருந்தார்.

ரத்தம் எடுத்த பெண் நான் கேட்டதற்காக மைக்ரோஸ்கோப்பில் என் ரத்தத்தைக் காட்டினாள். அடுக்கி வைத்த அப்பளம் போலச் சிவப்பு வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கொஞ்சம் இப்படி ஒட்டிக்கொள்வது எல்லாருக்கும் உண்டாம். எனக்கு அதிகமாம்.

"இதுக போற வழி இதுகள விடச் சிறுசுண்ணே. மடங்கித்தான் நொழையணும். சக்கர ஏறுனா வெறச்சுப்போயிரும், மடங்காது."

வேலிப் படலின் சந்தில் ஆடு உடம்பை ஒடுக்கி நுழைவது எனக்குத் தெரியும். ஒரு விறைத்த ஆடு குறுக்கே நின்றால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும். பிரஷர் அந்தச் சந்தின் சுவரையே தடிக்க வைத்துவிடும் என்றாள். கடைசியில் ரத்தம் போய்ச் சேரவேண்டிய இடம் கால் விரல். அங்கே இருக்கிற நரம்புகள் பட்டினி கிடந்து பேச்சை நிறுத்திவிடுகின்றன.

மூன்று மாதச் சுகர் என்று ஒரு பரிசோதனை செய்தாள். நேற்று பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாதாம். தின்ற சர்க்கரை, அந்தச் சிவப்பு வட்டம் மூன்று மாதத்தில் சாகும்வரை அதில் ஒட்டியிருக்குமாம். சொல்லிக்கொள்ளாமல்தான் எந்த ஊரையும் விட்டுக் கிளம்புவேன். நான் மறந்த மூன்று மாதத்தை எனக்குள்ளேயே ஒன்று குறித்து வைத்திருந்தது.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. இடது காலில் கொப்புளம் உடைந்த புண் எலும்பைத் தொடவில்லை, இரண்டு மாதம் தரையில் ஊன்றாமல் இருந்தால் கால் தங்கும், நடந்தால் கணுக்காலோடு எடுக்கவேண்டி வரும். தினமும் கட்டு மாற்ற வரவேண்டும். ஒரு ஊரில் இரண்டு மாதம் நான் இருந்ததே இல்லை.

மறுநாள் காலை, இடது காலை ஊன்றாமல் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் வண்டி நிறுத்தும் ஸ்டாண்டில் போய், உட்கார்ந்து செய்யும் வேலை ஏதாவது உண்டா என்று கேட்டேன். டோக்கன் போட ஆள் வேண்டும் என்றார் முதலாளி. ஒரு நாற்காலி, கால் நீட்ட ஒரு பழப் பெட்டி. திருச்சிக்கு வேலைக்குப் போகிறவர்கள் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஒவ்வொரு டோக்கனுக்கும் நடுவில் குனிந்து, கட்டின் மேல் ஈயோ எறும்போ ஏறியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டேன். கால் சொல்லாது.