பெயர் தெரியாத சகோதரியின் ஜனாஸா

2018 டிசம்பர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். டிவி பார்த்துக்கொண்டிருந்த, எனக்கு மூத்த சகோதரியான ராத்தா, “இஞ்ச ஓடி வா புள்ள, இந்தோனேசியால கடல் வந்திரிக்காம்!” என்று கத்தினார். கடலுக்குள் இருந்த எரிமலை வெடித்து, அதன் ஒரு பக்கம் அப்படியே தண்ணீருக்குள் சரிந்துவிட்டதாம். எச்சரிக்கை எதுவும் இல்லையாம். முதல் நாள் இரவே அலை கரையோர ஊர்களுக்குள் ஏறிவிட்டது. அந்தக் கரையில்தான் என் கணவர் இருந்தார்.

இலங்கையில் யுத்தம் முடிந்து பயணம் லேசான பிறகு அவர் வருடாவருடம் ஜமாஅத்தில் போவார். ஒரு குழுவாகப் போய், ஒரு பள்ளிவாசலில் மூன்று நாள் தங்கி, மார்க்கம் பேசிவிட்டு அடுத்த பள்ளிக்கு நகர்வார்கள். அந்த முறை இந்தோனேசியாவில் நாற்பது நாள். புறப்படும்போது நான்தான் மார்க்கம் படித்த பெரிய ஆலிமா மாதிரிச் சட்டம் போட்டேன். “போனை வெச்சிட்டுப் போங்க. அங்க போயும் வீட்டையே நினைச்சிட்டு இரிக்கப்படா. வெள்ளிக்கிழமையில ஆர்ரயும் போனால கதைச்சாக் காணும்.”

வெள்ளிக்கிழமை கதைத்தார். “கடற்கரைப் பள்ளியில இரிக்கம். ஞாயித்துக்கிழமதான் வெளிக்கிடுவம். வாசல்ல நிண்டா கடலுக்குள்ள ஒரு மலை பொகையிறது தெரியிது” என்றார். இப்போது அந்த இலக்கத்துக்கு எடுத்தால் வேலை செய்யவில்லை. என் வாயை நானே சபித்தேன்.

2004 சுனாமியும் ஞாயிறு காலையில்தான் வந்தது. சாய்ந்தமருதில் எங்கள் வீடு கரையோரம். என் கையைப் பிடித்திருந்த நான்கு வயது மகள் ருஸ்னாவைத் தண்ணீர் பறித்தது. “யா அல்லாஹ், இவளத் தந்திடு” என்று கத்திக் கேட்டேன். மையத்துத்தான், உயிரில்லாத உடல்தான் கிடைத்தது. அதன் பிறகும் ஐவேளைத் தொழுகையை நான் விடவில்லை. ஆனால் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும், விரிப்பான முஸல்லாவைச் சுருட்டிக்கொண்டு எழும்பிவிடுவேன். கையேந்தி எதையும் கேட்க மாட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பதினான்கு வருடம் அல்லாஹ்வோடு கோபம் போட்டிருந்தேன்.

அன்று ராத்தா என்னைப் பிடித்து உலுக்கினார். “அவனிட்டக் கேக்காம ஆரிட்டப் புள்ள கேக்கப் போறா?”

இரண்டு ரக்அத் தொழுதேன். கை எழும்ப மறுத்தது. பிறகு எழுந்தது. அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. “ரஹ்மானே, மகளை எடுத்தாய். இவரை விட்டுவிடு” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். முஸல்லா நனைந்துபோனது. நண்பகல் லுஹர் தொழுகை நேரமும் போனது. அழைப்பு இல்லை.

பின்னேரம் அஸர் தொழுது முடிய, தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

“நான்தான் புள்ள. சொகமா இரிக்கன்.”

ராத்தாதான் போனை வாங்கிக் கதைத்தார்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு, மலையடிவாரக் கிராமத்திலிருந்து ஒருவர் பள்ளிக்கு வந்திருக்கிறார். மனைவி மௌத்தாகிவிட்டார், அடக்குமுன் தொழும் ஜனாஸாத் தொழுகைக்கு ஆள் காணாது என்று அழுதாராம். பொழுதுபட்டதும் தொழும் மஃரிபுக்குப் பிறகு பள்ளியில் பயான், மார்க்கப் பேச்சு, இருந்தது. போவதா, இருப்பதா என்று குழு கலந்து பேசியபோது, “பயான் நாளைக்கும் செய்யலாம், மையத்துக் காத்திரிக்காது” என்று சொன்னவர் என் கணவர். எல்லோரும் போனார்கள். அடக்கி முடிய இருட்டிவிட்டது. அந்த மனிதர் இவர்களைத் திரும்பிப் போக விடவில்லை. சாப்பாடு கொடுத்துத் தன் வீட்டிலேயே படுக்கவைத்தார். அந்த இரவில் கடல் பள்ளிக்குள் புகுந்து, இவர்களின் பைகளையெல்லாம் கொண்டுபோனது.

நான் கேட்டது ஞாயிறு காலை. சனிக்கிழமை அஸருக்கே அல்லாஹ் அவரைக் கரையிலிருந்து எடுத்துவிட்டான். கோபத்தில் இருந்தவள் கேட்கப்போவது அவனுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

அந்தக் கரையில் எத்தனையோ பெண்கள் என்னைப் போலவே கேட்டிருப்பார்கள். அவர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. ருஸ்னா ஏன் போனாள் என்றும் தெரியாது. ஆனால் இப்போது அதையும் அவனிடமே கேட்கிறேன். கேட்டு அழுதால் மனம் லேசாகிறது. சகோதரிகளே, உங்களில் யாரும் அவனோடு கோபமாக இருந்தால், கோபத்தோடேயே கேளுங்கள். அவன் அதற்காக முகம் திருப்புகிறவன் அல்ல.

மௌத்தான அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுவைக்க என் கணவருக்குத் தோன்றவில்லை. “யா அல்லாஹ், அந்த மலையடிவாரத்துச் சகோதரியை மன்னித்துவிடு” என்றுதான் நாங்கள் தினமும் கேட்கிறோம். அவரை அடக்கப் போனதால்தான் என் கணவர் வீட்டுக்கு வந்தார். நீங்களும் இன்று ஒரு தடவை அவருக்காகக் கையேந்துங்கள்.