முப்பத்தொரு மோட்டார்கள்

1991 ஜூன் மாதம், பள்ளி திறந்து இரண்டாவது வாரம். கிழமையில் மட்டும் எனக்கும் என் மாமா பெண்ணுக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. நான் புதன் என்கிறேன், அவள் வியாழன் என்கிறாள். நான் சொல்வதுதான் சரி. ஆனால் அவளிடம் அதை நிரூபிக்க முடியாது.

பிள்ளைப்பாக்கத்திலிருந்து நாங்கள் இருவரும் நடந்துபோய்ப் படித்த அரசு உயர்நிலைப் பள்ளியில் அப்போது கைத்தொழில் வகுப்பு உண்டு. பெண்களுக்குத் தையல், பையன்களுக்குத் தோட்டவேலை. யாரும் யாரையும் கேட்டதில்லை. அந்த ஆண்டு புதிதாக வந்த தலைமையாசிரியை எங்கள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்து, இனிமேல் அவரவர்க்கு வேண்டியதை அவரவரே எடுத்துக்கொள்ளலாம் என்றார். தையல், தோட்டம், புதிதாக மின்சார வேலை. மூன்றில் ஒன்றைத் துண்டுச் சீட்டில் எழுதி, ஏன் என்று ஒரு வரி காரணமும் சேர்க்க வேண்டும். பதினைந்து பேராவது கேட்டால்தான் மின்சார வகுப்பு உண்டு, அதற்கு வெளியிலிருந்து ஆள் வரவேண்டும் என்றும் சொன்னார்.

மாமா பெண் பெஞ்சுக்கு அடியில் என் கையைக் கிள்ளினாள். அவர்கள் வீட்டில் ஃபியூஸ் போனால் கட்டையைக் கழற்றிக் கம்பி சுற்றிப் போடுவது அவள்தான். மாமா வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும். பெண் பிள்ளைக்கு ஷாக் அடித்து ஏதாவது ஆகிவிட்டால் யார் கட்டிக்கொள்வார்கள் என்பது மாமாவின் கவலை. பள்ளிக்கூடமே சொல்லிக்கொடுத்தால் அவர் வாயைத் திறக்க முடியாது. ஆக, அவளுக்குப் பதினைந்து பேர் வேண்டும்.

"நீ கரண்டுன்னு எழுதுடி. எழுதிக்கினு கைய வெச்சி மறைக்காத, அது போதும்" என்றாள்.

நான் அந்த வகுப்பில் முதல் ராங்க் வாங்குகிற பெண். என் நோட்டைப் பார்த்து எழுதுவது எங்கள் வகுப்பில் ஒரு முறையாகவே இருந்தது. ஆசிரியர்களே, "அவ நோட்ட வாங்கிப் பாத்து எழுதிக்கோங்க" என்றுதான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது தையல். கால் மிஷின் ஓடுகிற சத்தத்துக்காகவே அந்த வகுப்புக்குக் காத்திருப்பேன். இருந்தாலும் கிள்ளியது அவள் ஆயிற்றே. 'மின்சார வேலை. எங்கள் வீட்டு மோட்டார் அடிக்கடி நின்றுவிடுகிறது. அதைச் சரிசெய்ய விரும்புகிறேன்' என்று நல்ல கையெழுத்தில் எழுதி, சீட்டைப் பெஞ்சின் நடுவில் வைத்தேன். எங்கள் வீட்டில் மோட்டார் கிடையாது. மாமா வீட்டு மோட்டாரைத்தான் கடன் வாங்கினேன்.

மதியம் தலைமையாசிரியை சீட்டுக் கட்டோடு வந்தார். நாற்பத்து மூன்று பேரில் முப்பத்தொரு பேர் வீட்டு மோட்டார் நின்றுபோயிருந்தது. அவர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து, பென்னலூரிலிருந்து வரும் ஒரு பையனின் சீட்டில் நின்றார்.

"உங்க வீட்டுல கரண்டே கிடையாதுன்னு நேத்துதானடா சொன்ன?"

"வந்தா மோட்டார் வாங்குவோம் டீச்சர்."

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு ஒரு சீட்டை மட்டும் தனியாக எடுத்து இரண்டு முறை படித்தார். 'சுவிட்சுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.' மாமா பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சீட்டெல்லாம் செல்லாது, நாளைக்கு ஒவ்வொருவராக என் அறைக்கு வந்து வாயால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று வீடு வரும்வரை மாமா பெண் விரல்விட்டு எண்ணிக்கொண்டே நடந்தாள். உண்மையாகவே கரண்டு கேட்கக்கூடியவர்கள் என்று எத்தனை முறை எண்ணினாலும் பதினான்குக்கு மேல் போகவில்லை.

"நீ ஒருத்தி சொல்லிட்டின்னா ஆச்சு. தையல் எங்கம்மா சொல்லிக்குடுக்கும், நான் கேக்கறேன்" என்றாள். சரி என்றேன்.

மறுநாள் அறைக்குள் போய் "மின்சார வேலை" என்றேன்.

"உங்க வீட்டு மோட்டார் எத்தன ஹெச்பி?"

நான் மேஜைமேல் இருந்த சீட்டுக் கட்டைப் பார்த்தேன்.

"போகட்டும். உனக்கு என்ன வேணும்?"

கேள்வி கேட்கும் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தே சரியான விடையைக் கண்டுபிடிப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். கடைசியில் "தையல்" என்றேன். "ஆனா அவளுக்கு ஒண்ணு கொறஞ்சிடும் டீச்சர்" என்றும் சேர்த்தேன். அவர் எவளுக்கு என்று கேட்கவில்லை.

வெளியே மாமா பெண் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லிட்டேன் என்றேன். எதைச் சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் அவர்கள் வீட்டுப் பக்கம் போகவே இல்லை.

திங்கட்கிழமை பட்டியல் ஒட்டியிருந்தார்கள். தையலில் என் பெயரோடு மூன்று பையன்களின் பெயர்களும் இருந்தன. மின்சார வேலை என்ற தலைப்பின் கீழ் முதல் பெயர் மாமா பெண்ணுடையது. அதைப் பார்த்துவிட்டு அவள் மைதானத்தை ஒரு சுற்று ஓடிவந்தாள். நான் நின்று எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்றுதான்.

தப்பைக் கண்டால் சுட்டிக்காட்ட வேண்டியது முதல் ராங்க் வாங்குகிறவரின் கடமை என்று நம்பிய வயது அது. நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன்.

"கரண்டுல பதினொரு பேருதான் இருக்காங்க டீச்சர்."

"ஆமா."

"பதினஞ்சு இருந்தாத்தான்னு சொன்னீங்க."

"சொன்னேன்" என்றார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, வகுப்புக்குப் போகச் சொன்னார்.

நான் இப்படிப் போய்ச் சொன்னது தெரிந்ததும் மாமா பெண் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. அவள் கோபம் எனக்கு அநியாயமாகப் பட்டது. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தது இன்றும் என்னிடம் இருக்கிறது: 'புதுத் தலைமையாசிரியை நல்லவர். கணக்கில் மட்டும் கொஞ்சம் வீக்.'