சேகர் குடிக்காத ஐந்து மாதங்கள்

தில்லிக்கு வந்த புதிதில் என்னைக் குழப்பியது ஒரு வினைச்சொல். இந்தியில் தண்ணீர், டீ, சிகரெட், சாராயம் எல்லாவற்றுக்கும் 'பீனா' ஒன்றுதான். மோதி பாக் குடியிருப்பில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்ட ரமேஷ், முதல் குளிர்காலத்தில் ஒரு மாலை "பீதே ஹோ?", குடிப்பாயா, என்று கேட்டான். டீயைத்தான் கேட்கிறான் என்று நினைத்து, "அச்சா" என்றேன். ராணுவ கேன்டீன் ரம் வந்தது. மறுத்துச் சொல்ல எனக்கு இந்தி போதவில்லை என்று வெகுகாலம் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். திருச்சியில் என்றால் யாராவது பார்த்து வீட்டில் சொல்லிவிடுவார்கள். இங்கே அந்த யாராவது இல்லை.

மனைவி மல்லிகாவும் மகள் கவிதாவும் வந்து சேர்ந்தபோது அலுவலக மேசை இழுப்பறையிலேயே பாட்டில் இருந்தது. கவிதாவுக்கு எட்டு வயதில், மந்திர் மார்க்கிலிருந்த பள்ளியிலிருந்து அவளை அழைத்து வரும்போது ஸ்கூட்டரைக் கீழே போட்டேன். அவளுடைய இடது கை ஒடிந்தது. அம்மாவிடம் "வண்டி வழுக்கிருச்சும்மா" என்று சொன்ன குழந்தை, மருத்துவர் கேட்டதும் அப்பா குடித்திருந்த உண்மையை இந்தியில் மளமளவென்று சொல்லிவிட்டாள். அம்மாவுக்குக் காய்கறி வாங்குகிற இந்திதான் வரும் என்று அவளுக்குத் தெரியும். மருத்துவர் என்னைத் திட்டவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு விலாசம் எழுதி என் சட்டைப்பையில் வைத்தார்.

ஒரு மாதாகோயிலின் பின்புற அறை அது. குடியை விட நினைப்பவர்கள் அங்கே கூடுவார்கள். ஞாயிறு மாலை ஐந்து மணி. வாசலில் இருந்த காவலாளியிடம் கூச்சத்தில் "மீட்டிங்" என்று மட்டும் சொன்னேன். அவர் காட்டிய கூடத்தில் போய் அமர்ந்தேன். அவர்கள் பாடியதும் மீட்டிங்கில் சேர்ந்தது என்று நினைத்தேன்; அரை மணி நேரம் கழித்துத்தான் அது பாட்டுப் பயிற்சி என்று புரிந்தது. அங்கே ஒரு பெண் எனக்கும் பாட்டுப் புத்தகம் கொடுத்திருந்தாள்.

சரியான அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வங்கியில் ஓய்வுபெற்ற சோப்ராஜி கூட்டத்தை நடத்தினார். என் முறை வந்ததும் பெயரைச் சொன்னேன். மேலே இந்தி வரவில்லை. "அப்னீ பாஷா மே போலோ பாயீ, ஹம் சுன் லேங்கே" என்றார் அவர். உன் மொழியிலேயே பேசு, நாங்கள் கேட்கிறோம். ஒருவருக்கும் புரியாது என்ற தைரியத்தில், மல்லிகாவிடம்கூடச் சொல்லாததைத் தமிழில் சொன்னேன்.

"கீழ விழுந்ததும் புள்ள ரோட்டுல கெடந்து அழுதா. நான் மொதல்ல வண்டியத்தான் தூக்குனேன். டிக்கியில பாட்டில் இருந்துச்சு. அது ஒடையலன்னு பாத்துட்டுத்தான் அவகிட்ட போனேன்."

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஓர் ஒல்லியான ஆள் அருகில் வந்தான். "அண்ணே, திருச்சிப் பக்கமா?"

நான் பேசியதெல்லாம் அவனுக்குப் புரிந்திருக்கிறது என்று டீயை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தேன். அவன் சேகர். பெரம்பலூர்க்காரன். சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் இல்லத்தில் சமையல் வேலை.

"பயப்படாதீங்க. நான் யார்ட்ட போயி சொல்லப் போறேன்? என் கதையச் சொல்லவே எனக்கு ஆள் இல்ல."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஒன்றாகப் போனோம். குடிக்கத் தோன்றும் நாட்களில் அவன் வேலை செய்யும் சமையலறைக்குப் போய் வெங்காயம் உரிப்பேன். அவன் ஐந்து மாதம் ஒரு சொட்டுத் தொடவில்லை. பிறகு தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனான். திரும்பியபோது முகம் உப்பியிருந்தது. "மாப்ள வீட்டுக்காரங்க ஊத்திக் குடுத்தாங்கண்ணே. வேணாம்னா ஏன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்லுவேன்?" என்றான். அதன் பிறகு அவனால் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போய்க் கூப்பிட்டேன். இரண்டு முறை வந்தான். வயிறு வீங்கி மருத்துவமனையில் சேர்த்த நான்காம் நாள் இறந்துபோனான்.

குடியால்தான் இறந்தான் என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவன் அண்ணனுக்கு நான்தான் சொன்னேன். எந்த மருத்துவமனை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "சார், காமாலைன்னு சொல்லிக்கிறோம். தங்கச்சி போன எடம் ஒரு மாதிரி. நீங்களும் யார்ட்டயும் சொல்லிராதீங்க" என்றார். சரி என்றேன்.

அண்ணன் ரயிலில் வந்து சேரும் வரை உடலை வைத்திருந்தோம். மயானத்துக்குக் கூட்டத்துக்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். சர்தார்ஜி ஒருவர், பீகார் லாரி ஓட்டுநர், ஒரு கல்லூரி ஆசிரியை. அண்ணன் மிரண்டுபோய்ப் பார்த்தார்.

"இவங்கள்லாம் யாரு சார்?"

"கூட வேல பாக்குறவங்க."

தீ வைத்த பிறகு சோப்ராஜி அவரிடம் வந்தார். இரு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் நிதானமாகப் பேசினார். உங்கள் தம்பி ஐந்து மாதம் குடிக்காமல் போராடினான், அந்தப் போராட்டம் எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத்தான் தெரியும், அவனை நினைத்து நீங்கள் தலைகுனியவே கூடாது. சொல்லி முடித்து, "பதா தோ இன்கோ", இவரிடம் சொல், என்று என்னைப் பார்த்தார்.

அண்ணனும் என்னைப் பார்த்தார். "என்ன சார் சொல்றாரு?"

"சேகர் ரொம்ப நல்லா சமைப்பான்னு சொல்றாரு" என்றேன்.

அண்ணன் அவர்களைப் பார்த்துக் கும்பிட்டார். அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்கள். நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.