சேஃப்டி ஆபீசர் ஊதிய மந்திரம்

துபாயில் கட்டடங்கள் போட்டிபோட்டு முளைத்த காலம். எங்கள் சைட்டின் சேஃப்டி ஆபீசர் அமெரிக்கர். வெந்த நண்டின் நிறம். கையுறை போடாதவனைக் கண்டால் விசில் ஊதியே காதைக் கிழிப்பார்.

ஒருநாள் வெல்டிங்கில் என் விரல் வெந்தது. ஓடி வந்தவர், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஏதோ முணுமுணுத்து விரல்மேல் ஊதினார். எங்களூர்ப் பூசாரியேதான், ஹெல்மெட் மட்டும் கூடுதல்.

"என்ன பாஷை சார்?"

"ஜெர்மன். பென்சில்வேனியாவுல, ஜெர்மன்காரங்க குடியேறின எங்க கிராமத்துல தீக்காயத்துக்கு இப்படித்தான் மந்திரிப்போம்."

"தேங்க்..." என்றதும் என் வாயைப் பொத்தினார். "நன்றி சொன்னா பலிக்காது!"

எரிச்சல் அடங்கிவிட்டது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் அவரே முழங்கினார்: "காயம் பட்டா நேரா கிளினிக்! மந்திரம் கிந்திரம் எல்லாம் மாஃபி, கிடையவே கிடையாது!"

கூட்டம் கலைந்ததும் என் காதருகே குனிந்தார். "மனசுக்குள்ளகூட எனக்கு நன்றி சொல்லலையே?"

விரலில் தழும்பில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இன்றுவரை நான் நன்றி சொல்லவில்லை.