கண்ணாடி துடைக்கும் நேரம்

நண்பர்களுக்கு, இன்று காலை நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. வெளியில் சாப்பிடும்போது நான் ஜெபிக்கும் முறை.
2. இன்று ஒருவர் என்னிடம் கேட்டது.
3. என் ஜெபம் யார் கண்ணிலும் படுவதில்லை என்பது.

சின்ன காஞ்சிபுரத்தில் நான் இட்லி சாப்பிடும் ஓட்டலில் திருநீறோ நாமமோ இல்லாத நெற்றி என்னுடையது மட்டும்தான். அங்கே கைகூப்ப எனக்குக் கூச்சம். அதனால் இலை போட்டதும் தலை குனிந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோல மனத்துக்குள் ஜெபித்துவிடுவேன்.

இன்றும் கண்ணாடியைக் கழற்றினேன். எதிரே நாள்தோறும் பார்க்கும் நெசவாளர்.

"சார், ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார்.

"எதை?"

"ஜெபத்தத்தான். எங்க ஊட்டுக்காரியையும் சேத்துக்கோங்க சார். இன்னிக்கு வயித்துல ஆபரேசன்."

சாம்பார் வாளியோடு நின்ற சர்வர், "ஏம்பா, அம்மன்கிட்ட சொல்லலியா?" என்றார்.

"அங்க சொல்லிட்டுத்தாம்பா வரேன். இவரும் சொல்லட்டும்."

பெயர் கேட்டேன்.

"காமாட்சி."

கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகூப்பினேன். காமாட்சிக்காக வாய்விட்டு ஜெபித்தேன். நான் முடிக்கும்வரை யாரும் சாம்பார் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் செய்தி வரவில்லை. நீங்களும் அந்தப் பெண்ணுக்காக ஜெபியுங்கள். கண்ணாடி தேவையில்லை.

மூன்றாவதாக எழுதியது தவறு. நான் ஜெபிப்பது அந்த ஓட்டலில் எல்லோருக்கும் தெரியும்; அது தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான். உங்களில் இன்னும் யார் யார் கண்ணாடி துடைக்கிறீர்கள்?