சுகந்தியின் பரீட்சைக்கு முறை வைத்த ஊர்

மணி அடிக்காத பள்ளிக்கூடம் நடத்துவது சுலபமான வேலை என்று நினைக்கிறவர்கள், தயவுசெய்து ஒரே ஒரு அறுவடைக்கு எங்கள் ஊர்ப் பக்கம் வந்துவிட்டுப் போங்கள். திருத்துறைப்பூண்டியைத் தாண்டி, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற கடைமடை ஊர். படிப்பை நடுவில் விட்ட பிள்ளைகளுக்காக ஊர்க்காரர்களே சேர்ந்து ஒரு பள்ளி ஆரம்பித்தார்கள். பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்த இந்த ஊர் மருமகளான என்னைப் பிடித்து டீச்சர் ஆக்கினார்கள். பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிற புண்ணியவான்களே, புண்ணியவதிகளே, உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், மனசு கொஞ்சம் ஆறும்.

நெல்லுக்கு இடம் விட்டோம்

எங்கள் பள்ளி நடப்பது சமுதாயக் கூடத்தில். தை மாதம் ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், கரும்பலகையை மறைத்துக் கூரை வரைக்கும் நெல் மூட்டை. வானம் கறுத்திருக்கிறதே என்று யாரையும் கேட்காமல் அடுக்கிவிட்டார்கள். வந்த ஆத்திரத்தில் பிள்ளைகளை அப்படியே வரிசையாகக் கூட்டிக்கொண்டு பாசனச் சங்கத் தலைவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய டிராக்டர் கொட்டகையில் எல்லாரையும் உட்காரவைத்து, மூட்டை வெளியே போகிற வரைக்கும் இதுதான் வகுப்பு என்று சொல்லிவிட்டேன். பாவம், டிராக்டர் அறுவடை முடிகிறவரை தூறலிலும் வெயிலிலும் நின்றது. மனுஷர் கோபப்படவில்லை. எல்லாருக்கும் டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, என்னைச் சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: “டீச்சர், நெல்லு நனைஞ்சா முளைச்சுப்போயிடும். புள்ளைங்க நனைஞ்சா தலையத் துவட்டிக்கும்ல.”

தூளி கட்டிய வகுப்பு

அந்தக் கொட்டகைக்கு வெளியே, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் தினமும் வந்து நின்று எட்டிப் பார்ப்பாள். சுகந்தி. ஏழாவதோடு நின்றவள். அப்பாவுக்குக் கேரளாவில் கட்டட வேலை. அம்மா மலர்கொடி நடவு, களை என்று கூலிக்குப் போகிறவள். தம்பி பிறந்தான், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, சுகந்தி நின்றுவிட்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை, போகாதே என்றுகூடச் சொல்லவில்லை. இப்படிச் சத்தமில்லாமல் நின்றுபோகிற பிள்ளைகளைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரியும்.

தம்பியோடவே உள்ளே வா என்றேன். கொட்டகை விட்டத்தில் பழைய புடவையால் தூளி கட்டினோம். பக்கத்தில் உட்கார்கிறவர்கள் ஒரு கையால் ஆட்டிக்கொண்டே எழுதவேண்டும். வாய்ப்பாடு சொன்னால் அவன் தூங்கிவிடுவான். (நான் சொன்னால் பெரிய பிள்ளைகளும் தூங்கும், அது வேறு விஷயம்.) சுகந்தி படு சூட்டிகை. எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதவைத்துவிட்டால், ஒன்பதாவதில் பெரிய பள்ளிக்கூடத்திலேயே சேர்த்துவிடலாம். இவளை எழுதவைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். மலர்கொடியிடம் போய்ச் சொன்னேன். அவள் முகத்தில் சந்தோஷமும் தெரியவில்லை, மறுப்பும் தெரியவில்லை. “எழுதட்டும் டீச்சர், நான் வேணாங்கல. ஆனா இவன் தூளியிலேருந்து விழுந்தான்னா நீங்கதான் பதில் சொல்லணும்.”

மெக்கானிக் எடுத்த பாடம்

ஊரே நடத்துகிற பள்ளி என்பதால், தொழில் தெரிந்தவர்கள் முடிகிறபோது வந்து பாடம் எடுக்கவேண்டும் என்று ஒரு ஏற்பாடு. பைக் மெக்கானிக் செல்வம் முதல் ஆளாக வந்தான். தன் வண்டியையே சாக்கு விரித்துப் பிரித்துப்போட்டான். ஒவ்வொரு சாமானையும் பிள்ளைகள் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து மறுபடி மாட்டினார்கள். ஒரு சத்தம் இல்லை. செய்து பார்த்துப் படிப்பது என்று பி.எட்.டில் எழுதித் தள்ளினேனே, அது இதுதான் என்று பூரித்துப்போனேன். சாயங்காலம் வண்டி பளபளவென்று நின்றது, ஒரு ஸ்க்ரூ மட்டும் மிச்சம். (இந்த வண்டியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.) அடுத்த வாரம் என்ன பாடம் செல்வம் என்று ஆசையாகக் கேட்டேன். “பாடமா? சர்வீஸ் பண்ணி நாளாச்சு, இத்தனை கை சும்மா இருக்கேன்னு கொண்டாந்தேன் டீச்சர்.”

மதகடியில் கத்தினேன்

பரீட்சை வந்து விழுந்தது சரியாக நடவு நாட்களில். மன்னார்குடியில் எழுதவேண்டும், தினம் ஒரு பாடம். தம்பியைப் பரீட்சை ஹாலில் தூளி கட்டியா ஆட்ட முடியும்? மலர்கொடி வீட்டில் இருக்கலாம் என்றால், நடவுக்கு ஒருநாள் வராதவள் இடத்தில் மறுநாள் வேறு ஆள் நிற்கும். அந்த நடவுக்கூலியை நம்பித்தான் வீடே ஓடுகிறது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம் டீச்சர் என்றாள். சுகந்தி தம்பியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அடுத்த வருஷம் என்பது எந்த வருஷம் என்று எனக்குத் தெரியாதா?

நேராக மதகடிக்குப் போனேன். வாய்க்காலில் வருகிற கொஞ்சத் தண்ணீரை யார் வயலுக்கு எப்போது விடுவது என்று முறை போட ஊரே அங்கே கூடியிருந்தது. நடுவில் புகுந்து கத்தினேன். தண்ணிக்கு முறை வைக்கத் தெரிகிற ஊருக்கு, ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ள முறை வைக்கத் தெரியாதா என்று கேட்டேன். சரி, வைப்போம் என்றார் தலைவர். வைத்தார்களே, அதிலும் சண்டை! தண்ணீர் பாய்கிற வரிசைப்படிதான் தம்பியும் போகவேண்டுமாம். தலைவர் வீட்டு அம்மா முந்திக்கொண்டு எழுந்தார். “எங்க வயலு வாய்க்கா தலைப்புல இருக்கு. மொத நாள் தம்பி எங்களுக்குத்தான்.”

தாண்டிப்போன வீடு

முதல் பரீட்சைகள் நல்லபடியாகப் போயின. கணக்குப் பரீட்சையன்று முறை வரவேண்டியது தையல்நாயகி வீட்டுக்கு. மலர்கொடியின் நாத்தனார். இருக்கிற துண்டு நிலத்தில் வந்த ஒரு வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது. எதற்கு வம்பு என்று நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து அந்த வீட்டைத் தாண்டி, அடுத்த வீட்டுக்கு முறையை மாற்றிவிட்டோம். முறை தாண்டி மடை திறந்தால் வெட்டுக்குத்து வரைக்கும் போகிற ஊரில், நல்லது செய்வதாக நினைத்து இதைச் செய்தோம் பாருங்கள்.

காலையில் பஸ் வரவில்லை. செல்வம் தன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான், அதே வண்டி. மிச்சமான ஸ்க்ரூ சட்டைப் பையில் இருக்கிறதாம், கவலைப்படவேண்டாமாம். சுகந்தியையும் தம்பியையும் நடுவில் வைத்துக்கொண்டு நான் பின்னால் ஏறினேன். தம்பியை அடுத்த வீட்டில் இறக்கிவிட்டுப் பறக்கவேண்டும். தெருத் திரும்பினால், நட்டநடுவில் தையல்நாயகி. இடுப்பில் கைவைத்துக்கொண்டு வழி விடாமல் நிற்கிறாள். போச்சு, பரீட்சை போச்சு என்று நினைத்தேன். செல்வம் ஹாரன் அடித்தான். அவள் அசையவில்லை. சுகந்தி மெதுவாக, நேரமாயிடுச்சு அத்தை என்றாள். அத்தை விறுவிறுவென்று வந்து, அவள் கையிலிருந்து தம்பியைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். “சண்டை வரப்புக்குத்தான் டீச்சர். என் முறையத் தாண்டி விட நீங்க யாரு?”

ரிசல்ட்

கணக்கில் நல்ல மார்க். தமிழ், அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் பாஸ். இங்கிலீஷ் காலை வாரிவிட்டது. செல்போனை வைத்துக்கொண்டு மதகுக் கட்டையிலேயே உட்கார்ந்து அழுதேன், வெட்கமாகத்தான் இருந்தது. தனித்தேர்வு மறுபடி வரும், தெரியும். ஆனால் ஒரு தடவை தோற்ற பிள்ளையை இரண்டாம் தடவை அனுப்ப எந்த வீடு சம்மதிக்கும்? அதுவும் மலர்கொடியிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

நான் போகவேண்டியிருக்கவில்லை. வயலிலிருந்து முழங்கால் சேறோடு அவளே வந்தாள். பக்கத்தில் சுகந்தி, கையில் இங்கிலீஷ் புத்தகம். தம்பியைக் காணோம், யார் வீட்டு முறையோ. அப்புறம் பாத்துக்கலாம் டீச்சர் என்று சொல்லப்போகிறாள் என்று தயாராகத் தலையைக் குனிந்துகொண்டேன். மலர்கொடி வாய்க்காலில் இறங்கிக் காலைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “அடுத்த பரீட்சைக்கு இப்பவே முறை போட்டுடுங்க டீச்சர். நமக்குத் தண்ணி என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கு? அதுக்காக நாத்து விடாமயா இருந்தோம்?”

நெல் மூட்டை மறுபடியும் சமுதாயக் கூடத்துக்குள் வந்துவிட்டது, சுகந்தி டிராக்டர் கொட்டகையில் இங்கிலீஷோடு மல்லுக்கட்டுகிறாள், ஊரே மாற்றி மாற்றித் தூக்கிச் சுமந்த கொழுப்பில் தம்பி மட்டும் இன்னும் நடக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிறான்.